தலையும் அடியும்: ஆனேக்கல் தாலுகா அட்டவணைகள் பற்றிய ஓர் இலக்கண ஆராய்ச்சி

தோற்றுவாய்

ஆனேக்கல் தாலுகாவில் என்ன விளைகிறது என்று கேட்டால் ராகி, பட்டு, ஜிகணியில் அறுபடும் கிரானைட், பொம்மசந்திராவில் தயாராகும் மருந்து என்று அடுக்கிவிட்டு அறிஞர்கள் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அட்டவணையை ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கோ ஒரு நாட்டில் யாரோ விழுங்கிய மாத்திரை அவர் உடம்பை என்ன செய்தது என்பதை வரியும் பத்தியுமாகக் கட்டி அனுப்பும் தொழில், ஓசூர் சாலையை ஒட்டிய கண்ணாடிக் கட்டடங்களில் இரவு பகலாக நடக்கிறது. செய்கிறவர்களில் தமிழர் பலர். காலையில் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வந்து இரவில் அதே எல்லையைத் தாண்டித் திரும்புவார்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரை ஓட ஆரம்பித்தபின் ஊருக்குள்ளிருந்தும் ஆள் வரத்து கூடியிருக்கிறது.

இவர்கள் கையாளும் கருவிக்குப் பெயர் சாஸ். அமெரிக்காவில் வடக்குக் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1966 வாக்கில் வேளாண் தரவுகளை அலசுவதற்காக முளைத்து, 1976-இல் தனி நிறுவனமாக நிமிர்ந்த மென்பொருள். பயிர்க் கணக்குப் போடப் பிறந்தது, ராகி வயல்மேல் எழுந்த கட்டடத்தில் குடியிருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்கு எண்கள் பொருட்டல்ல. எண்ணுக்கு மேலே நிற்கும் தலைப்பும் கீழே கிடக்கும் அடிக்குறிப்பும்தான் பொருள். இந்த இரண்டுக்காகவும் நடக்கும் மின்னஞ்சல் போரைக் கண்டவர்களுக்கு, நடுவிலுள்ள எண்கள் தலையும் அடியும் ஒட்டிக்கொள்ளாமலிருக்க விட்ட இடைவெளி என்றே தோன்றும். ஏன் இப்படி என்ற கேள்விக்கு, வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத தம்பி ஒருவர் கேண்டீனில் முன்வைத்த புகாரே தக்க தொடக்கம்.

“அண்ணா, சராசரி வயசு சரியான்னு ஒருத்தரும் கேக்கல. ஃபுட்நோட்டு கடைசில புள்ளி இல்லைன்னு மூணு பேர் கமெண்ட் போட்டிருக்காங்க.”

“வயசைத்தான் மெஷின் பாத்துடுச்சே தம்பி. அவங்களுக்குப் பாக்க வேற என்ன மிச்சம் இருக்கு?”

பதில் விளையாட்டாகச் சொன்னதானாலும் இலக்கணப்படி சரி. மருந்துச் சோதனை அறிக்கையின் முக்கிய அட்டவணை ஒவ்வொன்றையும் இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், தனித்தனியே கணக்கிடுவார்கள். புரோக் கம்பேர் என்ற கட்டளை இருவர் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒவ்வாத மதிப்பு ஏதுமில்லை என்று ஒரு வரி எழுதும். அந்த வரி வந்தால் எண்ணின் வழக்கு பைசல். தலைப்பும் அடிக்குறிப்பும் ஒப்பிடப்படும் அந்தத் தரவுக் கோப்புக்குள் இருப்பதில்லை. ஆகையால் கம்பேரின் கண்ணில் படுவதில்லை. அவற்றுக்கு மனிதக் கண்தான் வேண்டும். எண்ணை இயந்திரத்திடம் பறிகொடுத்த மனிதன், காற்புள்ளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டான்.

பாயிர அதிகாரம்

தலைப்பைப் பற்றி நன்னூலுக்கு மேல் சொல்லிவிட எவராலும் முடியாது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் அந்நூலைச் செய்தது சீயகங்கன் கேட்டுக்கொண்டதனால். அவன் கங்கர் குலத்தவன். அந்தக் குலத்தின் பழைய தலைநகர் கோலார். ஆனேக்கல்லில் கிளம்பி சர்ஜாபுரம், மாலூர் வழியாகப் போனால் காலைச் சிற்றுண்டி செரிப்பதற்குள் கோலார் வந்துவிடும். ஆக, நன்னூல் இந்த வட்டாரத்து ஸ்பான்சர் ஒருவரின் செலவில் உருவான ஆவணம். ஸ்பான்சரின் பெயர் பாயிரத்தில் முறைப்படி பதிவாகியும் இருக்கிறது. அட்டவணைத் தொழிலுக்கும் இலக்கணத்துக்கும் உள்ள உறவைச் சந்தேகிப்பவர்கள் இதற்கு மேலும் சான்று கேட்கக்கூடாது.

சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்தி இருக்க வேண்டும் என்பது நன்னூலின் விதி. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. இப்போது ஏதாவது ஒரு மருந்துச் சோதனையின் முதல் அட்டவணையை, அதாவது 14.1.1-ஐ, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்கியோன் பெயர் இடது கீழ் மூலையில், புரோகிராமின் பெயராக, சிறிய எழுத்தில் நிற்கிறது. எழுதிய மனிதரின் பெயர் வராது. அது அவை அடக்கம். அடுத்தது வழி. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாக்கியது. இங்கும் அப்படியே: மருத்துவமனையிலிருந்து வந்ததை ஒழுங்குபடுத்திய எஸ்.டி.டி.எம். முதல் நூல், அதிலிருந்து கணக்குக்கு ஏற்றவாறு பெறப்பட்ட ஆடம் வழி நூல் (ஏவாள் கிடையாது), அட்டவணை சார்பு நூல். எந்த வழி நூலிலிருந்து வந்தது என்பதை அடியில் சொல்லாத அட்டவணை திரும்பி வரும்.

எல்லை சற்று நுட்பமானது. தமிழுக்கு வேங்கடமும் குமரியும் போல, அட்டவணைக்கு மக்கள்தொகை எல்லை. ‘பாதுகாப்புத் தொகுதி’ என்று தலைப்பில் போட்டால், மருந்தை ஒரு வேளையாவது உட்கொண்டவர்கள் மட்டும் உள்ளே. குலுக்கலில் பெயர் விழுந்து, மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விழுங்காமலே வீடு போய்ச் சேர்ந்தவர் இந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார். ஆனால் வேறொரு தலைப்பு போட்ட அட்டவணையில் முழு உரிமையோடு உள்ளே இருப்பார். ஒரே ஆள், ஒரே மாத்திரை. இருக்கிறாரா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தலைப்பின் மூன்றாவது வரி. இதைச் சில்லறை விஷயம் என்பவர் மேலே படிக்க வேண்டியதில்லை.

நூற்பெயரான 14.1.1 யாரோ விளையாட்டாக வைத்த எண் அல்ல. மருந்துக் கட்டுப்பாட்டை நாடுகளுக்கிடையே ஒழுங்குபடுத்தும் ஐ.சி.எச். அமைப்பு 1995-இல் வெளியிட்ட இ3 என்ற நெறிமுறையில் அறிக்கையின் 14-ஆம் பிரிவு அட்டவணைகளுக்கு. 14.1 நோயாளிகளின் வயதும் பாலினமும், 14.2 மருந்து பலித்ததா என்பது, 14.3 என்ன கெடுதல் செய்தது என்பது. தனித்தனி ஆளின் விவரப் பட்டியலுக்கு 16.2. நன்னூல் யாப்பை நான்காக்கித் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்றது. 14 தொகை, 16.2 விரி. மொழிபெயர்ப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் கூட்டத்தில் புள்ளியியலாளர் பேசுவதை மேலாளர் திருப்பிச் சொல்லும்போது கேட்கலாம்.

கேட்போர் விஷயத்தில் மட்டும் மரபு தலைகீழாகிவிட்டது. யார் கேட்கலாம் என்று பாயிரம் சொல்லும். அட்டவணையின் வலது மூலை ‘ரகசியம்’ என்று யாரெல்லாம் கேட்கக்கூடாது என்பதைச் சொல்கிறது. காலம் நொடி வரைக்கும் அச்சாகும். களம், காரணம் இரண்டையும் புரோகிராமின் உச்சியிலுள்ள குறிப்பில் ஒளித்து வைப்பார்கள். பயனுக்கு எந்த வார்ப்பிலும் இடம் ஒதுக்கி நான் கண்டதில்லை.

மும்மல அதிகாரம்

சாஸில் தலைப்பு வைக்க டைட்டில் என்று ஒரு கட்டளை, அடிக்குறிப்புக்கு ஃபுட்நோட் என்று ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்து வரி வரை போகலாம், அதற்கு மேல் இல்லை. இவற்றின் குணத்தை விளக்க மேலைநாட்டுக் கையேடுகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. சைவ சித்தாந்தம் தெரிந்தவருக்கு மூன்று சொல் போதும்.

முதலாவது ஆணவம். அமர்வு தொடங்கும்போதே கூட இருப்பது, அனாதி. நீங்கள் தலைப்பு எதுவும் தராவிட்டால் மென்பொருள் ‘தி சாஸ் சிஸ்டம்’ என்று தன் பெயரையே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஏற்றிக்கொள்ளும். கணக்குப் போட்டது உங்கள் தரவு, பாடுபட்டது நீங்கள், பெயர் அதற்கு.

இரண்டாவது கன்மம். ஒருமுறை எழுதிய தலைப்போ அடிக்குறிப்போ அந்த அட்டவணையோடு தீர்ந்துபோவதில்லை. மாற்றி எழுதும் வரை, அல்லது அமர்வு முடியும் வரை, அடுத்தடுத்துப் பிறக்கும் அட்டவணைகளைத் தொடர்ந்து பற்றும். கருவுறக்கூடிய வயதுப் பெண்கள் மட்டும் சேர்க்கப்பட்டனர் என்று ஒரு கர்ப்பப் பரிசோதனை அட்டவணைக்கு எழுதியது, அடுத்து வந்த புகைப்பழக்க அட்டவணையின் அடியில் அப்படியே நின்று, ஆண்கள் அத்தனை பேரையும் சங்கடத்தில் ஆழ்த்தும். அந்த அட்டவணை என்ன பாவம் செய்தது? ஒன்றுமில்லை, முன் அட்டவணையின் வினை. இதில் உட்பிரிவும் உண்டு. டைட்டில்2-ஐ மாற்றினால் டைட்டில்3 முதல் பத்து வரை எல்லாம் ஒரு சொல் சொல்லாமல் மறைந்துவிடும். ஆகவே எல்லையைக் குறித்த மூன்றாம் வரி காணாமல் போனால், குற்றவாளியை மூன்றாம் வரியில் தேடுவது வீண். முத்திக்கும் வழி இருக்கிறது: டைட்டில் என்று எழுதி வேறெதுவும் சொல்லாமல் ஒரு அரைப்புள்ளி. எல்லாத் தலைப்பும், ஆணவத் தலைப்பு உட்பட, அற்றுப்போகும். இவ்வளவு சுருக்கமான தீட்சை வேறெங்கும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு புரோகிராமின் இறுதியிலும் அதை எழுத மறக்கிறவர்களாகவே உயிர்கள் இருக்கின்றன.

மூன்றாவது மாயை. அட்டவணையை ஆர்.டி.எஃப். கோப்பாக இறக்கி வேர்டில் திறந்தால் தலைப்பும் அடிக்குறிப்பும் மங்கிய சாம்பல் நிறத்தில், இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் தெரியும். வழக்கமான ஏற்பாட்டில் அவை பக்கத்தின் மேல் கீழ் ஓரப் பகுதிக்குள் போய்விடுவதே காரணம். அறிக்கை எழுதுபவர் அட்டவணையை வழித்து எடுத்துத் தன் கோப்பில் ஒட்டும்போது உடல் மட்டும் போகும். தலையும் அடியும் பழைய வீட்டிலேயே தங்கிவிடும். பாடிடைட்டில் என்று ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் இரண்டும் உடலோடு வரும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் எந்தத் தொகுதிக்கு உரியது என்றே தெரியாத எண்களோடு அறிக்கை எழுதுகிறார்கள்.

பிளவு அதிகாரம்

பத்தித் தலைப்பு எங்கே உடைய வேண்டும் என்பது தனிச் சாத்திரம். மருந்துச் சோதனைத் தரவுக்கு நெறி வகுக்கும் சிடிஸ்க் அமைப்பு தன் முன்னோடித் திட்டத்துக்காகப் பயன்படுத்திய சோதனைத் தரவு பொதுவில் கிடைக்கிறது. ஆனேக்கல்லில் தொழில் கற்பவர்களில் பலர் இதில்தான் கை பழகுகிறார்கள். அல்சைமர் நோயாளிகளுக்கு சனோமெலின் என்ற மருந்தைத் தோல்மேல் ஒட்டும் பட்டையாகக் கொடுத்துப் பார்த்த சோதனை அது. மருந்துப்போலிக்கு 86 பேர், குறைந்த அளவுக்கு 84, அதிக அளவுக்கு 84, மொத்தம் 254.

முதல் பத்தியின் தலைப்பு ‘மருந்துப்போலி (என்=86)’ என்று வைத்துக்கொள்வோம். அகலம் போதாமல் ‘(என்=’ ஒரு வரியிலும் ‘86)’ அடுத்த வரியிலும் விழுந்தால், திறந்த அடைப்புக்குறி ஒரு வரி முழுக்க வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதைச் சரிசெய்யப் பத்தியைச் சிறிது அகலப்படுத்தினால் கடைசிப் பத்தியின் தசமப் புள்ளி இடம் பெயரும். அதை இழுத்தால் ‘மொத்தம்’ அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். நெரிசல் பேருந்தில் நான்காவது ஆளுக்கு இடம் கேட்பதற்கு இந்த ஊரில் வழங்கும் ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்ற மந்திரத்தைப் பத்திகள் மதிப்பதில்லை. இதற்கு நடுவே ஸ்பான்சர் அமெரிக்கர் என்று தெரியவந்தால் தாள் மாறும். நம் ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர், அவர்களுடைய லெட்டர் தாள் 279. அந்த 18 மில்லிமீட்டரில் ஒரு பத்தியின் மானம் இருக்கிறது.

புரோக் ரிப்போர்ட் என்ற கட்டளைக்கு ஒரு மரபு உண்டு: தலைப்பில் சாய்கோடு கண்டால் அதை வரி உடைக்கும் குறி என்று கொண்டு, உடைத்துவிட்டு, கோட்டை விழுங்கிவிடும். சர்க்கரை அளவின் அலகு ‘மி.கி./டெ.லி.’ என்று எழுதியவருக்கு ‘மி.கி.’ மேலும் ‘டெ.லி.’ கீழுமாக, வகுத்தலைப் பறிகொடுத்த அலகு கிடைக்கும். வேறொரு குறியைப் பிளவுக் குறியாக அறிவித்துவிடுவதே பரிகாரம். சிலர் செங்குத்துக் கோடு என்பர், சிலர் ஹாஷ் என்பர். இரு தரப்பும் ஒரே டீமில் இருந்தால் மேலாளர் தலையிட வேண்டிவரும்.

இதெல்லாம் இன்றைய தலைமுறையின் கிறுக்கு என்று எண்ணவேண்டாம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் 1949-இல் அட்டவணை அமைப்பதற்கென்றே ஒரு தடித்த கையேட்டை வெளியிட்டது. எழுதியவர் புரூஸ் ஜென்கின்சன். தலைப்பெட்டி எது, இடது ஓரத்து வரிப்பெயர் எது, குறிப்பு எங்கே நிற்கவேண்டும் என்று உறுப்பிலக்கணம் முழுக்க அதில் இருக்கிறது. ஆர் மொழியில் அட்டவணை கட்ட உதவும் ஜிடி என்ற தொகுப்பு அந்தப் பழைய நூலைத் தூண்டுதலாகக் கொண்டதுதான்.

அடி அதிகாரம்

அடிக்குறிப்பின் பெருமையைத் தமிழனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புறநானூற்றுப் பாட்டுகளின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைக்காமல் போயிருந்தால், எந்தப் பாட்டு எந்த வேந்தனுக்கு என்று இன்றைக்கும் பட்டிமன்றம் நடந்துகொண்டிருக்கும்.

அடிக்குறிப்புக்கு ஒரு குறி வேண்டும். எண்ணைக் குறியாக வைக்கக் கூடாது என்பது மூத்தோர் விதி, அதற்குக் காரணம் உண்டு. 84 என்ற எண்ணின் தோளில் சின்னதாக ஒரு 2 ஏறினால், அவசரமாகப் படிப்பவர் 7056 பேருக்கு மருந்து கொடுத்ததாக நினைத்துக்கொள்வார். ஆகவே நட்சத்திரம், பிறகு கத்திக்குறி, பிறகு இரட்டைக் கத்தி என்று ஒரு வரிசை ஏற்பட்டது. ஐரோப்பியர் சிலர் இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் இடுவதும் அதே கத்திக்குறிதான். மருந்துச் சோதனையில் ஒரு நோயாளியின் எண்ணுக்குப் பக்கத்தில் அதைக் குத்தி வைப்பதற்குமுன் யோசிக்கவேண்டும். எழுத்துகளே பாதுகாப்பு என்ற கட்சியில் நான் இருக்கிறேன்.

அடிக்குறிப்புகளில் தலைசிறந்தது பக்கவிளைவு அட்டவணையின் கீழே வருவது: ஒருவருக்கு ஒரே தொல்லை பலமுறை வந்தாலும் ஒருமுறையே எண்ணப்பட்டார். மூன்று தடவை தலை வலித்தாலும் தலை ஒன்றுதான். இந்த வரியை எடுத்துவிட்டால் 86 பேரில் 90 பேருக்குத் தலைவலி என்று அட்டவணை சொல்லக்கூடும். முழுமையாக்கியதால் சதவீதங்களின் கூட்டு 100 ஆகாமல் போகலாம் என்பது இன்னொன்று. மூன்று சமபங்குக்கு 33.3, 33.3, 33.3 என்று போட்டால் விடுபடும் 0.1 அந்த ஒரு வரியில்தான் அடைக்கலம் புகுந்திருக்கிறது.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தக் கலையில் உச்சம். 1981-இல் அசாமில் கணக்கெடுப்பு நடக்கவில்லை, 1991-இல் ஜம்மு காஷ்மீரில் நடக்கவில்லை. இரண்டு மாநிலங்களும் அவரவர் முறைக்கு அடிக்குறிப்பில் குடியிருந்தன. 2001-இல் மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் மாவோ மாராம், பாவோமாட்டா, புருல் ஆகிய மூன்று உட்பிரிவுகளிலும் வீடு வீடாகப் போய் எண்ணினார்கள். ஆனால் தொழில்நுட்ப, நிர்வாகக் காரணங்களால் முடிவுகள் ரத்தாயின. மாநில மொத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு குறி, கீழே ஒரு வரி. எண்ணப்பட்டும் எண்ணில் சேராத அந்த மக்கள் அட்டவணையில் இருக்கும் ஒரே இடம் அதுதான். தலைப்பு ‘மணிப்பூர்’ என்று பெருந்தன்மையாகச் சொல்லும்போது, எந்த மணிப்பூர் என்று அடிக்குறிப்பு கேட்கிறது. இரண்டில் எது சொல்வதை நம்புவது என்று கேட்டால், நான் எப்போதும் கீழேயிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

உடலில்லா அட்டவணை

ஆராய்ச்சியின் சிகரத்துக்கு வந்துவிட்டோம். சோதனையின் முடிவுகள் வருவதற்கு முன்பே எல்லா அட்டவணைக்கும் ஷெல் என்ற வெற்று வார்ப்பு எழுதப்பட்டு ஒப்புதல் பெற்றுவிடும். அதில் மரணங்கள் என்று ஓர் அட்டவணையும் இருக்கும். சோதனை முடிந்தபோது ஒருவரும் இறக்கவில்லை என்றால், அந்த அட்டவணையை விட்டுவிட முடியாது. பட்டியலில் எண் இருக்கிறது. ஆகவே அது முழு அலங்காரத்தோடு வெளிவரும். மூன்று வரித் தலைப்பு, எல்லை, பத்திக்குப் பத்தி ஆள் எண்ணிக்கை. அடியில், போடப்படாத சதவீதத்துக்கு வகுக்கும் எண் எது என்ற விளக்கம். உள்ளே எங்கும் வராத சுருக்கெழுத்துகளுக்கு விரிவு. வலது மூலையில் பக்கம் 1, மொத்தம் 1. நடுவில் ஒரே வரி: ‘பதிவான நிகழ்வு ஏதுமில்லை.’

புறநானூற்றில் 267, 268 என்ற எண்கள் இருக்கின்றன, பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிப்பாசிரியர்கள் எண்ணை விடாமல் போட்டு, கிடைக்கவில்லை என்ற குறிப்பையும் போட்டு, அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பாட்டுகள் தொலைந்தது நமக்கு நட்டம். இந்த அட்டவணையில் உடல் இல்லாததோ அந்த மருந்து தரக்கூடிய மிக நல்ல செய்தி. கம்பேருக்கு இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. தலையும் அடியும் மட்டுமே எஞ்சியதால், மறுஆய்வாளர்கள் தங்கள் முழுத் திறமையையும் இதன்மேல் செலுத்த முடிகிறது. அப்படி ஓர் அட்டவணைக்கு ஸ்பான்சர் தரப்பிலிருந்து கமெண்ட் வந்தது. எவரும் சாகவில்லை என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அந்த வரியைப் பத்திக்கு நடுவில் வைக்கவும், கடைசியில் புள்ளி வேண்டாம் என்று இருந்தது.